அப்பாவை வீட்டுக்குள் வைத்த எட்டு மாதம்

எங்கள் அப்பா வாய்க்கால் லஸ்கர். பொதுப்பணித்துறையில் கடைசி வரிசை வேலை. மடையைத் திறப்பது, அடைப்பது, கரையைக் காவல் பார்ப்பது, தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்று அளவுக்கல்லில் பார்த்து நோட்டில் எழுதுவது. காக்கிச் சட்டை, ஒரு கம்பு, ஐந்து செல் டார்ச், ஷட்டர் திருகும் சாவி, இவ்வளவுதான் அவருடைய ஆபீஸ். 36 வருடம் அந்த வேலையைப் பார்த்தார். அடிப்படைப் பணியாளர் என்பதால் 60 வயது வரை பார்க்க முடிந்தது. 2006-ல் ஓய்வு பெற்றார். 2024 மார்ச் மாதம் காலமானார்.

அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நல்ல நினைவுகள்தான் முண்டியடித்து வருகின்றன. ஆனால் நான் முதலில் சொல்ல வேண்டியது நாங்கள் செய்த ஒரு தப்பை. வாழ்நாளெல்லாம் வானத்துக்குக் கீழேயே இருந்த மனிதரை, 2021-ல் எட்டு மாதம் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தோம். பாசத்தால்தான் செய்தோம். விழுந்துவிடக் கூடாது என்ற பயத்தால் செய்தோம். அதற்குள் அவர் பாதி ஆளாகிவிட்டார். பிறகு அவரை எப்படி மறுபடியும் வெளியே கொண்டுவந்தோம் என்பதை, வீட்டில் வயதானவர்களை வைத்திருக்கும் யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன். அப்பா எப்படிப்பட்டவர் என்று சொன்னால்தான் அதெல்லாம் விளங்கும்.

தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேர்வதற்குள் எட்டு அணைக்கட்டுகளைத் தாண்டுகிறது. மேலிருந்து மூன்றாவது, கன்னடியன். அங்கே பிரியும் கால்வாய் எங்கள் வீரவநல்லூரைத் தொட்டு, சேரன்மகாதேவி, பத்தமடை என்று போய் 12,000 ஏக்கருக்கு மேல் பாய்கிறது. இந்தக் கால்வாய்க்கு ஒரு கதை உண்டு. கன்னட தேசத்திலிருந்து வந்த ஒருவர், தனக்குக் கிடைத்த பொன்னையெல்லாம் செலவழித்து வெட்டியது இது. ஒரு பசுவை முன்னால் நடக்கவிட்டு, அது போன வழியெல்லாம் கால்வாய், கோமியம் விட்ட இடத்தில் மடை, படுத்த இடத்தில் குளம் என்று வெட்டினாராம். அப்பா இந்தக் கதையை நூறு தரம் சொல்லியிருப்பார். ஒவ்வொரு தரமும் முடிவில், "பசு மேட்டுல ஏறாதுட்டி, வளைஞ்சு வளைஞ்சு சமதரையாப் பாத்துத்தான் போவும். தண்ணிக்கும் அதே புத்திதான்" என்பார். பள்ளிக்கூடத்தில் சமஉயரக் கோடு என்று வாத்தியார் படம் போட்டபோது எனக்கு அந்தப் பசுதான் ஞாபகத்துக்கு வந்தது.

சனி, ஞாயிறு என்றால் அண்ணனையும் என்னையும் கரைக்குக் கூட்டிப்போவார். விளையாடக் கூட்டிப்போகிறார் என்று ஊர்க்காரர்கள் நினைப்பார்கள். அவர் எங்களை உண்மையிலேயே வேலைக்குக் கூட்டிப்போனார். அண்ணனுக்கு வலது கரை, எனக்கு இடது கரை. நண்டு வளை, எலி வளை, புதிதாக இறங்கிய மண், எது கண்ணில் பட்டாலும் நின்று குரல் கொடுக்க வேண்டும்.

ஒரு ஐப்பசி விடியற்காலம். எனக்குப் பத்து வயது இருக்கும். கரையின் வயல் பக்கச் சரிவில் ஒரு இடத்தில் மட்டும் புல் கூடுதல் பச்சையாக இருந்ததைப் பார்த்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டேன். செருப்பைக் கழற்றினார். உள்ளங்காலை வைத்துப் பார்த்தார். பிறகு குந்தி உட்கார்ந்து கையை வைத்தார். புல்லின் அடியிலிருந்து நூல் மாதிரி தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. அதைக் கையில் ஏந்தி முகத்துக்கு நேராகத் தூக்கி, கிழக்கு வெளிச்சத்தில் பார்த்தார். "தெளிவா வந்தா பயமில்ல. கலங்கலா வந்தா கரையத் தின்னுக்கிட்டு வருதுன்னு அர்த்தம்." அது கலங்கலாக இருந்தது.

பக்கத்து வயலிலிருந்து ஒரு பிடி வைக்கோல் எடுத்து, விரல் நீளத்துக்குக் கிள்ளி, கால்வாய்ப் பக்கம் கரையோரமாகத் தூவினார். எல்லாத் துண்டுகளும் ஓட்டத்தோடு போயின. ஒரே இடத்தில் மட்டும் இரண்டு மூன்று துண்டுகள் தயங்கி நின்றன. மெதுவாக ஒரு வட்டம் போட்டன. சட்டென்று உள்ளே போய்விட்டன. அப்பா இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் காலால் தடவி, "இங்கனதான்" என்றார். என் முட்டி அளவுக்கு ஒரு ஓட்டை. வைக்கோலை உருட்டித் திணித்து, களிமண்ணை வாங்கி வாங்கி அடைத்து, மேலே ஏறி மிதித்தார். மண் எடுத்துக் கொடுத்தது நானும் அண்ணனும். வேலை முடிந்ததும் கசிவு நின்றதா என்று என்னைப் பார்க்கச் சொன்னார். நான் உள்ளங்காலை வைத்துப் பார்த்துவிட்டு, "நின்னுட்டுப்பா" என்றேன். நோட்டில் அன்றைய கணக்கை எழுதும்போது, "கண்டது மகள்" என்றும் எழுதினார். மேலதிகாரி பார்க்கும் நோட்டு அது.

இன்னொன்று மீன்கொத்தி. வெண்மார்பு மீன்கொத்தி மண்கரையைக் குடைந்துதான் கூடு வைக்கும். ஓட்டை என்றால் லஸ்கருக்கு எதிரி. சித்திரை, வைகாசியில் தண்ணீர் அடைத்திருக்கும்போது தூர்வார ஆள் வருவார்கள். கண்ணில் பட்ட வளையையெல்லாம் அடைத்துக்கொண்டே போவார்கள். அந்த மாதங்களில்தான் கூட்டில் குஞ்சும் இருக்கும். அதனால் அப்பா முதல் நாளே போய், தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கும் கூடுகளைப் பார்த்து, ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு வேப்பங்குச்சியை நட்டுவிட்டு வருவார். "குச்சி நட்ட இடத்தத் தொடாதீங்கப்பா, அத நான் பாத்துக்கிடுதேன்" என்று ஆட்களிடம் சொல்லிவைப்பார். ஆனி பிறந்து தண்ணீர் விடுவதற்கு முன்னால், குஞ்சு பறந்துபோன வளைகளை அவரே அடைப்பார். இதற்கு யாரும் அவருக்கு உத்தரவு போடவில்லை. பறவைகளின் பெயரெல்லாம் புத்தகம் பார்த்துக் கற்றவரும் இல்லை. வயலில் குறுகி நிற்கும் பழுப்புக் கொக்குக்கு மடையான் என்று பெயர். மடை பார்க்கிறவனுக்கும் அதே பெயர் உண்டு என்று அவருக்கு ஒரு பெருமை. "நாங்க ரெண்டு பேரும் ஒரே உத்தியோகம்" என்பார்.

இப்படி வெளியே சுற்றும் ஆள் வீட்டை மறந்துவிடுவார் என்றுதான் பொதுவாக நினைப்போம். அப்பா அப்படி இல்லை. ராத்திரிக் காவல் முடிந்து நாலரை மணிக்கு வந்தாலும் அம்மாவை எழுப்ப மாட்டார். அவரே அடுப்பைப் பற்றவைத்து, கருப்பட்டிக் காப்பி போட்டு, அம்மாவின் தலைமாட்டில் வைத்துவிட்டுத்தான் குளிக்கப் போவார். தாழம்பூ காலத்தில் வேட்டி மடிப்பில் ஒரு மடல் இருக்கும். கொடுக்கும்போது ஒன்றும் சொல்ல மாட்டார். அம்மாவும் ஒன்றும் சொல்ல மாட்டாள். ஆனால் அன்றைக்கெல்லாம் வீட்டில் பெட்டியைத் திறக்கும்போது வாசம் வரும்.

அம்மா கல்யாணமாகி வந்த நாள் முதல் அவர் வேலை பார்த்த கரையைப் பார்த்ததே கிடையாது. வீட்டு வேலை, மாடு, பிள்ளைகள். ஓய்வு பெற்ற மறுநாள் சாயங்காலம் அப்பா, "இந்தா, செருப்பப் போடு. நான் முப்பத்தாறு வருசம் பாத்தத நீயும் பாக்க வேண்டாமா?" என்றார். அம்மா, "ஏங்க, ஊருல என்ன நினைப்பாக" என்று தயங்கினாள். ஆனால் போனாள். அன்றிலிருந்து 15 வருடம், மழை நாள் தவிர்த்து, தினமும் சாயங்காலம் இரண்டு பேரும் புளியமரத்தடி மடை வரை போய், அந்தக் கட்டையில் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். அம்மாவுக்குக் கண்ணில் புரை வந்து ஆபரேஷனுக்குக் காத்திருந்த மாதங்களில், கூடவே நடந்து எதிரே வருவதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவாராம். "கொக்கு இருக்கு. ஏழு. இப்ப எட்டு."

பேரப்பிள்ளைகள் வந்தபோது அவர்களுக்கும் அதே பள்ளிக்கூடம்தான். என் மகனுக்கும் அண்ணன் மகளுக்கும் அவர் சொல்லிக்கொடுத்த ஆற்றுப் பாடத்தை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் தாமிரபரணி யாரையாவது கொண்டுபோகிறது. படித்துறை இல்லாத இடத்தில் இறங்காதே. மேலே அசையாமல் கிடக்கிற தண்ணீரை நம்பாதே, அடியில் மணல் அள்ளிய குழி இருக்கும். தெளிவாக ஓடிய ஆறு திடீரென்று கலங்கி, சருகும் நுரையும் வந்தால் சோப்பு, துணி எதையும் எடுக்காதே, உடனே மேட்டுக்கு ஏறு. இங்கே வெயில் அடித்தாலும் மலையில் மழை பெய்திருக்கும். யாராவது முங்கினால் நீ குதிக்காதே. வேட்டியையோ சேலையையோ கம்பையோ வீசு, பெரியவர்களைக் கூப்பிடு. இதைச் சொல்லிவிட்டு, அண்ணன் மகளின் துண்டை வாங்கி, முனையில் ஒரு முடிச்சுப் போட்டு, அவர் படித்துறையில் நின்று வீச, பிள்ளைகள் பிடிக்க, அப்புறம் பிள்ளைகள் வீச, அவர் பிடிக்க, ஒரு மணி நேரம் பழக்குவார். முடிச்சுப் போட்டால் துண்டு காற்றில் மடங்காமல் தூரம் போகும்.

இப்படி இருந்தவர் 2021 மார்ச்சில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடது இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் நன்றாக முடிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது எங்களிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "இன்னொரு தடவை விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்." எப்போது நடக்க வைக்க வேண்டும், எப்போது வெளியே கூட்டிப்போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. இன்றைக்கு யார் வீட்டில் ஆபரேஷன் என்றாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புமுன், முதல் வாரம், முதல் மாதம், மூன்றாம் மாதம் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று டாக்டரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதமே கொரோனா இரண்டாம் அலை. எல்லோரும் வீட்டுக்குள் இருந்தோம், அப்பாவும் இருந்தார். அலை ஓய்ந்து நாங்கள் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகும் அவர் மட்டும் உள்ளேயே இருந்தார். முன்கதவுக்கு உள்பக்கம் மேலே ஒரு தாழ்ப்பாள் போட்டோம். அதைப் போட்டவள் நான். கட்டில், டிவி, ஃபேன், நேரத்துக்குச் சாப்பாடு, மாத்திரை. ஒரு குறையும் வைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டோம்.

ஆடி மாதம் ஆனபோது பகலில் தூங்கி ராத்திரி விழிக்க ஆரம்பித்தார். நடுச்சாமத்தில் எழுந்து, "டார்ச்ச எங்க? ஷட்டர் பாக்கணும்" என்பார். அம்மா கையைப் பிடித்து உட்கார வைப்பாள். சாப்பாடு குறைந்தது. காலில் சதை வற்றியது. ஒரு நாள் என் மகனைப் பார்த்து, "ஏல, நீ யாரு வீட்டுப் பையன்?" என்று கேட்டுவிட்டார். பிள்ளை அழவில்லை. என்னிடம் வந்து, "தாத்தாவுக்கு வெளியே போணும்மா, அதான்" என்றான். ஒன்பது வயது. எங்கள் யாருக்கும் தோன்றாதது அவனுக்குத் தெரிந்தது. நான் அப்போதும் கேட்கவில்லை. புரட்டாசிக்குப் பிறகு வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் அதையே சொன்ன பிறகுதான் கேட்டேன். பகல் வெளிச்சம் கண்ணில் படாமலேயே இருந்தால் உடம்புக்கு ராப்பகல் கணக்கு தப்பிப்போகும், நடக்காத காலில் பலம் வற்றி அதனாலேயே விழுவார்கள் என்று அவர் எடுத்துச் சொன்னார். விழக் கூடாது என்று நாங்கள் செய்ததே அவரை விழுவதற்குத் தயார் செய்துகொண்டிருந்தது.

சரி, எப்படிக் கூட்டிப்போவது? ஒரு மாதம் நாங்கள் படித்துக்கொண்டோம்.

கம்பு பிடிக்கும் விதமே எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. இடது கால்தானே பலவீனம், இடது கையில்தான் கம்பு இருக்க வேண்டும் என்று நினைத்தோம். தப்பு. எதிர்க் கையில், வலது கையில் பிடிக்க வேண்டும். கம்பும் அடிபட்ட காலும் ஒன்றாக முன்னால் போக வேண்டும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ, கம்பின் கைப்பிடி அந்த உயரம். அப்பாவின் பழைய கரைக்கம்பு தோள் உயரம். அதை ஒதுக்கிவைத்து வளைந்த பிடியுள்ள ஒரு மரக்கம்பு வாங்கினோம். அடியில் இருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்து வழவழப்பானால் உடனே மாற்ற வேண்டும், அது பத்து இருபது ரூபாய் சாமான். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். அப்பாவுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபோது, "ஏறும்போது பலசாலி முன்னால, இறங்கும்போது அவன் பின்னால நின்னு தாங்கணும். மூடை தூக்குற கணக்குதான்" என்று ஒரே நொடியில் பிடித்துக்கொண்டார்.

ஹவாய் செருப்பைத் தூக்கிப் போட்டோம். பின்பக்கம் வார் வைத்த செருப்புதான், குதிகால் நழுவாது. படுக்கையிலிருந்து எழுந்தவுடன் நடக்க விடாமல், கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் காலைத் தொங்கப்போட்டு உட்கார வைத்தோம். வயதானவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். ஆட்டோவில் ஏறும்போது கால் முதலில் அல்ல. முதுகைக் காட்டிக்கொண்டு போய் சீட்டில் உட்கார்ந்து, அப்புறம் காலை உள்ளே எடுப்பது. சட்டைப் பையில் பெயர், போன் நம்பர், சாப்பிடும் மாத்திரைகள் எழுதிய அட்டை. சிறுநீர் அவசரத்துக்கு ஒரு வாய் அகன்ற பாட்டில். இந்தக் கடைசி விஷயத்தைப் பேச எல்லோருக்கும் கூச்சமாக இருக்கும். ஆனால் பல பெரியவர்கள் வெளியே வர மறுப்பது இந்தப் பயத்தால்தான். அப்பா அந்தப் பாட்டிலைத் துணிப்பையில் பார்த்த பிறகுதான், "அப்ப போவோம்" என்றார்.

கார்த்திகையில் மழை வெறித்த ஒரு காலை, ஏழு மணி. ஆட்டோவில் அப்பா, அம்மா, என் மகன், கைப்பிடி வைத்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கைப்பிடி இருந்தால்தான் ஊன்றி எழுந்திருக்க முடியும். மடைப்பக்கம் சமதரையில் நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தோம். வாய்க்கால் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. முகத்திலும் மாற்றமில்லை. வந்தது வீண்தானோ என்று எனக்குத் தொண்டை அடைத்தது. அப்புறம் குனிந்து செருப்பு வாரை இழுக்கப் பார்த்தார். என் மகன் புரிந்துகொண்டு கழற்றிவிட்டான். இரண்டு உள்ளங்காலையும் ஈர மண்ணில் பதித்தார். விரல்களை விரித்தார், மடக்கினார். அளவுக்கல்லைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார். "நேத்தைக்கு அரையடி கூட ஓடியிருக்கு. கல்லுல ஈரக்கோடு நிக்கி பாரு." பார்த்தேன். நின்றது.

"ஏல, அந்தக் கரைக்குப் போய் புல்லுல கால வச்சுப் பாரு" என்றார் பேரனிடம். யார் வீட்டுப் பையன் என்று கேட்கவில்லை.

அன்று ராத்திரி நாலு மணி வரை எழுந்திருக்கவில்லை. ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மறதி முழுவதும் போகவில்லை, சில ராத்திரிகளில் மறுபடியும் டார்ச் கேட்டார். ஆனால் வாரம் நான்கு நாள் கூட்டிப்போக ஆரம்பித்த பிறகு பசி வந்தது, கோபம் வந்தது, அம்மாவிடம் பேச்சு வந்தது. வெயில் காலத்தில் காலை ஏழரைக்குள் திரும்பிவிடுவோம், சாயங்காலம் ஐந்துக்கு மேல்தான் போவோம். தாகம் தெரியாத வயது என்பதால் கிளம்புமுன் அரை டம்ளர், திரும்பியதும் அரை டம்ளர் தண்ணீர். தாழ்ப்பாளை அண்ணன் திருப்பூரிலிருந்து வந்தபோது கழற்றிப் போட்டான்.

காது விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு நாள் கரையில் இருந்தபோது, "இப்பல்லாம் தேன்சிட்டே வாரதில்ல போலுக்கு, மருந்தடிச்சு எல்லாம் போச்சு" என்று வருத்தப்பட்டார். தலைக்கு மேலே முருங்கையில் இரண்டு தேன்சிட்டு கத்திக்கொண்டிருந்தன. தூரத்தில் செம்போத்து 'பூம் பூம்' என்று கூப்பிட்டது மட்டும் அவருக்குக் கேட்டது. வயதானால் மெல்லிய கீச்சுக் குரல்கள்தான் முதலில் போகும், தடித்த குரல்கள் நிற்கும். குருவிகள் இல்லாமல் போயின என்றே அவர் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார், எத்தனை வருடமாகவோ. காதுக் கருவி வாங்கினோம். முதல் வாரம் காற்றுச் சத்தம்தான் பெரிதாகக் கேட்கிறது என்று கழற்றிக் கழற்றி வைத்தார். பழகக் கொஞ்சம் நாள் ஆகும். வீட்டுக்குள் அரை மணி நேரம், பிறகு ஒரு மணி நேரம் என்று கூட்டிக்கொண்டுபோய், கடைசியில்தான் வெளியே போட வேண்டும். முருங்கையடியில் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்த அன்று அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கண் நிறைந்துவிட்டது. "இருக்கு," என்றார் அம்மாவிடம். "இருக்குட்டி. எல்லாம் இருக்கு."

அந்த நாட்களில்தான் அவர் குரலைப் பதிவு செய்யத் தொடங்கினேன். வீட்டில் உட்கார வைத்து, "அப்பா, உங்க கதையச் சொல்லுங்க" என்றால் இரண்டு வரி சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார். கையில் ஷட்டர் சாவியைக் கொடுத்தால் அரை மணி நேரம் பேசுவார். பொருளைக் கொடுத்தோ இடத்தைக் காட்டியோ கேளுங்கள். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும். பதிவின் பெயரிலேயே தேதியும் இடமும் போட்டு, அன்றைக்கே இன்னொரு இடத்திலும் ஒரு பிரதி வைத்துவிடுங்கள். என்னிடம் 41 பதிவுகள் இருக்கின்றன. மடைகளின் பெயர்கள், எந்த மடையில் எந்த ஊர் ஆள் சண்டைக்கு வருவார், கார், பிசானம் என்ற எங்கள் பக்கத்து இரண்டு நெல் பட்டத்துக்கும் எத்தனை திருகு திறக்க வேண்டும், எல்லாம் இருக்கிறது. அம்மாவைப் பற்றி நான் ஒரு கேள்வியும் கேட்காமல் விட்டுவிட்டேன். அவரிடம் அதைக் கேட்கத் தோன்றவே இல்லை.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டிய அந்த வெள்ளம். எங்களுக்கு மின்சாரம் போய், போனும் போயிற்று. அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். எட்டு மாத இருட்டில் டார்ச் கேட்ட குரல் இல்லை அது. 1992 நவம்பர் வெள்ளத்தில் மூன்று நாள் வீட்டுக்கு வராமல் கரையில் கிடந்த லஸ்கரின் குரல். அரிசியைப் பரணில் ஏற்று. மாத்திரையையும் மருந்துச் சீட்டையும் ஆதார் அட்டையையும் பிளாஸ்டிக் பையில் கட்டி உன் இடுப்பில் வை. குடிதண்ணீரை இப்போதே பிடித்து மூடு, நாளைக்குக் குழாய் வராது. சுவிட்சைத் தொடாதே. எல்லாம் சொல்லிவிட்டு, காதுக் கருவியைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். "நான் முழிச்சிருக்கேன். தண்ணிச் சத்தம் மாறுச்சுன்னா எழுப்புதேன், நீங்க படுங்க." 77 வயது. நான் தூங்கினேன். நிஜமாகவே தூங்கினேன், அப்பா காவல் இருக்கிறார் என்று. தண்ணீர் எங்கள் தெருமுனை வரை வந்து நின்றது.

மார்ச்சில், பிசான அறுவடை முடிகிற சமயம், ஒரு மத்தியானத் தூக்கத்தில் போய்விட்டார். நான்கு நாளைக்கு முன்புதான் கரைக்குப் போய் வந்திருந்தோம்.

காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள், சான்றிதழ் பிரதி பத்தாவது வாங்குங்கள். அப்பாவின் ஓய்வூதியப் புத்தகத்தில் அம்மாவின் பெயர் ஒரு மாதிரியும், ஆதாரில் ஒரு மாதிரியும் இருந்தது. ஒரே ஒரு எழுத்து. அந்த எழுத்தால் குடும்ப ஓய்வூதியம் வர நான்கு மாதம் அம்மா ஆபீஸ் படி ஏறினாள். அவர்கள் இருக்கும்போதே இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு தடவை பாருங்கள், அரை மணி நேர வேலை.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு அம்மா வாசல் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தாள். கரைப்பக்கம் போகவில்லை. முட்டி வலிக்கிறது என்றாள். எனக்குப் பயமாக இருந்தது, மறுபடியும் அதே எட்டு மாதமா என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகன் அப்பாவின் வளைபிடிக் கம்பை எடுத்துவந்து அம்மாவை நிமிர்ந்து நிற்கச் சொன்னான். கையைத் தொங்கவிடச் சொல்லி மணிக்கட்டுக்கு நேராகப் பென்சிலால் கோடு போட்டான். இரண்டு விரற்கடை அதிகமாக இருந்தது. புஷ்ஷைக் கழற்றி, அடிப்பக்கம் ரம்பத்தால் அறுத்து, புதுப் புஷ் மாட்டினான்.

"ஆச்சி, எந்த முட்டி வலிக்கி?"

"வலதுல."

"அப்ப இடது கையில பிடிங்க."

அறுத்த அந்தக் கட்டைத் துண்டை அம்மா கேட்டு வாங்கி, தாழம்பூ வைக்கும் பெட்டிக்குள் வைத்தாள். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் எதையோ காட்டிச் சொல்லிக்கொண்டே போனான்.